எட்டாவது வலை

நீலிப்பள்ளம் மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. அங்கே இருந்தவரைப் பரிசல் சாமி என்பார்கள். நாற்பத்தெட்டு வயதுக்கு மேல் இருக்காது. சடை இல்லை, தாடி இல்லை. ஒரு காலத்தில் மேலே அணையில் பரிசல் போட்டு மீன் பிடித்தவர் என்பது மட்டும் ஊருக்குத் தெரியும்.

அணையில் வலைக்குத் தடை போடுகிற மாதத்தில், வருஷம் தவறாமல் சாமி மூன்று நாள் மலைக்குப் போவார். தவம் பண்ணப் போகிறார் என்று மடத்தில் சொன்னார்கள். மீன் தின்னப் போகிறார் என்று டீக்கடையில் சொன்னார்கள். சாமி இரண்டு பேருக்கும் மறுப்புச் சொன்னதில்லை.

அவரிடம் சீடராக இருந்தவர் அவிநாசியப்பன். குருவை விடப் பதின்மூன்று வயது மூத்தவர். மின்வாரியத்தில் லைன்மேனாக முப்பது வருஷம் கம்பம் ஏறியவர். இவர் காலில் விழப் போனால் சாமி இரண்டடி பின்வாங்கிவிடுவார். அதனால் பாதி நாள் வெறுந்தரையைத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

மடத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கோழி கூவும் முன்னே எழுந்தார், கூட்டினார், தண்ணீர் இறைத்தார். காவி வேண்டும் என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் சாமி வேறு பேச்சுக்குப் போனார். நான்காம் முறை கேட்டபோது, "அணைக்கு வாங்க. அங்க வெச்சுக் கேளுங்க" என்றார்.

அவிநாசியப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. காவி கிடைத்துவிட்டது போலவே இருந்தது. அரிசி, பருப்பு, தார்ப்பாய், தூண்டில் நரம்பு எல்லாம் எடுத்துக் கட்டினார். பையின் அடியில், கம்பி அறுக்கிற அவருடைய கட்டிங் பிளேயர் கிடந்தது. வீடு, வாசல், பெண்டாட்டி எல்லாவற்றையும் விட்டு வந்த மனுஷர் அதை மட்டும் விடவில்லை. கை பழகிவிட்டது, பாவம்.

மதியத்துக்கு மேல் பஸ்ஸில் மலைமேல் போய்ச் சேர்ந்தார்கள். வனத்துறைச் சாவடியில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மைல் காட்டுக்குள் நடந்தார்கள். மரங்கள் விலகியதும் தண்ணீர் தெரிந்தது. மலைகளுக்கு நடுவே கறுத்துக் கிடந்தது. அங்கங்கே பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றன. அணை கட்டியபோது வெட்டாமல் விட்ட காடு, நின்றபடியே முழுகியிருந்தது.

கரையில் மீனவர் சங்கத்துக் கொட்டகை. அதன் பக்கத்தில் சாமியின் பரிசல் கவிழ்த்து வைத்திருந்தது. இரண்டு மரங்களுக்கு நடுவே தார்ப்பாயைக் கட்டினார்கள். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள்.

"தூண்டில் போடலாமுங்களா சாமி?"

"மடத்துல கூடாது. இங்க பசிக்குப் போட்டாத் தப்பில்லீங்க. போட்டா, பக்கத்துலயே இருக்கோணும்."

அவிநாசியப்பன் மண்புழு தோண்டி மாட்டி, நரம்பை வீசினார். நுனியை ஒரு வேரில் இறுகக் கட்டிவிட்டு விறகு பொறுக்கப் போனார். யானை நடமாடுகிற இடம், நெருப்புக்கு விறகு வேண்டும். பத்தடி போவதற்குள் சாமி கூப்பிட்டார்.

"தூண்டில் கெடக்குதுங்களே."

"கட்டித்தாங்க வெச்சிருக்கேன். எங்க போயிரும்?"

"தூண்டில் போகாதுங்க. மாட்டுனது என்ன பண்ணும்?"

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். விறகை சாமி பொறுக்கினார். பொழுது மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் இரண்டு ஜிலேபிக் கெண்டை கிடைத்தது. சுட்டுத் தின்றார்கள். டீக்கடைக்காரர்கள் சொன்னது முழுப் பொய்யில்லை.

கைகழுவி வந்ததும் அவிநாசியப்பன் கேட்டார்.

"சாமி, நான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டேனுங்க. இன்னும் என்ன விடோணும்? அதைச் சொல்லுங்க."

"எப்படி விட்டீங்க?"

"செருப்பு அறுந்துருச்சு, தெச்சுட்டு வந்தர்றேன்னு சொன்னேனுங்க. ஊட்டுக்காரி ராமாத்தா வட்டல்ல சோறு போட்டுக்கிட்டிருந்தா. சீக்கிரம் வாங்க, ஆறிப்போயிரும்னா. பஸ் ஏறிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கலீங்க."

"சண்டைங்களா?"

"ஒரு சொல்லு கெடையாதுங்க. புள்ளையக் கட்டிக் குடுத்தாச்சு, வேலையும் முடிஞ்சுது. மனசு இதுல நிக்குதுன்னு அவகிட்டச் சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டாளுங்க. அதான் சொல்லலை."

சாமி நெருப்பைத் தள்ளிவிட்டார்.

"அம்மணி எப்படி இருக்கறாங்க?"

"தைப்பூசத்துக்கு எங்கூர்க்காரர் ஒருத்தர் மடத்துக்கு வந்தாருங்க. அவர் சொன்னாரு. வாசல் வெளக்கு ராவெல்லாம் எரியுதாமா. நான் வந்தா இருட்டுல தடுமாறுவேன்னு ராமாத்தா அணைக்கறதே இல்லியாமா. கல்யாணங்காச்சியில குங்குமத் தட்டு இவகிட்ட வர்றப்ப, நீட்டறவங்க கை ஒரு நிமிசம் நிக்குதாமுங்க. குடுக்கறதா வேண்டாமான்னு."

இதை அவர் மீட்டர் ரீடிங் படிப்பது போல ஒரே சீராகச் சொன்னார்.

"கேட்டேனுங்க. எனக்கு ஒண்ணுமே ஆகலை. பாசத்தை அறுத்தாச்சுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அதனாலதான் காவி கேக்கறேன்."

சாமி எழுந்து தார்ப்பாய்க்கு அடியில் சருகைத் தள்ளி இடம் ஒதுக்கினார்.

"காத்தால வெள்ளனே எந்திரிக்கோணும். படுங்க."

காலையில் சாமி கொட்டகைக்குள் போய் ஒரு பாதாளக் கரண்டியை எடுத்து வந்தார். கிணற்றில் விழுந்த வாளியை எடுப்போமே, கொத்துக் கொத்தாகக் கொக்கி தொங்கும் இரும்பு, அதுதான். நீளக் கயிற்றில் கட்டிப் பரிசலில் போட்டார். பெரிய சாக்கு ஒன்றும் போட்டார்.

"இதுல என்ன மீனுங்க புடிக்கறது?"

"துடுப்பைப் புடிங்க."

பரிசல் புது ஆளை மதிக்காது. அவிநாசியப்பன் துடுப்புப் போட்டதும் இருந்த இடத்திலேயே சுற்றியது. முப்பதடிக் கம்பத்தில் நின்று வேலை பார்த்தவருக்கு மூன்றடித் தண்ணீரில் தலை சுற்றியது. சாமி சிரிக்கவில்லை. "முன்னால போட்டு உங்க பக்கமா இழுங்க" என்று மட்டும் சொன்னார். பொழுது ஏற ஏறப் பரிசல் சொன்னபடி கேட்டது.

பட்டமரங்களுக்கு நடுவே சாமி கரண்டியை இறக்கினார், இழுத்தார். வெறும் கிளை வந்தது. இறக்கினார், இழுத்தார். சேறு வந்தது. உச்சிப்பொழுது வரைக்கும் இதே வேலை. காவிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அவிநாசியப்பனுக்கு வாய் துறுதுறுத்தது. கேட்டால் காவி தள்ளிப்போகுமோ என்று அடக்கிக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் கயிறு இறுகியது. சாமி மெல்ல இழுத்தார். மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு ஒரு வலை மேலே வந்தது.

தங்கூசி வலை. மெல்லிசு நரம்பில் பின்னியது, தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. அதில் வெறும் முள்ளாக ஒரு கட்லா தொங்கியது. அதைத் தின்ன வந்த கெளுத்தி பக்கத்திலேயே மாட்டி அழுகியிருந்தது. கெளுத்தியைக் கொத்த வந்த நீர்க்காகம் ஒன்று இறகை விரித்தபடி செத்திருந்தது. அதற்கும் கீழே ஒரு ஆமை. ஆமை மட்டும் காலை அசைத்தது.

"ஐயோ" என்றார் அவிநாசியப்பன்.

சாமி வலையை அறுக்காமல், நரம்பு எப்படிச் சுற்றியிருந்ததோ அப்படியே பின்னோக்கிப் பிரித்து ஆமையின் காலை எடுத்தார். அரை மணி நேரம் ஆயிற்று. விரலில் நரம்பு கிழித்து ரத்தம் வந்தது. ஆமையைத் தண்ணீரில் விட்டுவிட்டு அடுத்த கண்ணிக்குப் போனார்.

பாதி வலை பரிசலுக்குள் வந்திருக்கும். மீதி அடியில் ஒரு பட்டமரத்தில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. அந்த நேரம் பார்த்து மேற்கே இருந்து காற்று இறங்கியது. பரிசல் ஒரு பக்கம் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே அடித்தது.

"கயித்தைப் புடிங்க, கொஞ்சம் சுத்தி வந்து எடுத்தரலாம்" என்றார் சாமி.

அவிநாசியப்பனுக்குப் பயம். கை தானாகப் பக்கத்தில் கிடந்த பைக்குள் போயிற்று. பிளேயர் வெளியே வந்தது. படக், படக்கென்று நான்கு வெட்டு. வலை விட்டது, பரிசல் நிமிர்ந்தது. மீதி வலை கறுப்புத் தண்ணீருக்குள் மெதுவாக விரிந்துகொண்டே இறங்கியது.

"தப்பிச்சமுங்க சாமி!"

சாமி வலை போன இடத்தைப் பக்கத்து மரத்தோடு அடையாளம் பார்த்துக்கொண்டார்.

கரைக்கு வந்து, எடுத்த பாதியை விரித்துப் போட்டார்கள். மேல்கயிற்றில் மிதவைகள் இருந்தன. பழைய ரப்பர் செருப்பை மூன்று மூலையாக நறுக்கிக் கோத்தவை. செருப்பு என்று தெரிந்ததும் அவிநாசியப்பன் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஆரோட வலைங்க சாமி இது?"

"என்னோடதுங்க. செருப்பும் என்னோடதுதான். மூணு மூலையா நறுக்கறவன் இந்த அணையில நான் ஒருத்தந்தான்."

அவிநாசியப்பன் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார்.

"பதினோரு வருசமாச்சுங்க. ஒரு நாள் சாயங்காலம் ஒன்பது வலை போட்டுட்டுக் கரையேறுனேன். அன்னிக்குத்தான் மனசு திரும்புச்சு. அப்படியே மலையிறங்கிட்டேன். யாருகிட்டயும் சொல்லலை. ஒரு வருசம் கண்ணை மூடுனா அம்புட்டு நிம்மதியா இருந்துது. அப்புறம் சங்கத்துக்காரன் ஒருத்தன் மடத்துக்கு வந்தான். உன் வலை நாறுதுன்னான்."

"அதுக்கப்புறமா வருசா வருசம்..."

"ஏழு எடுத்துட்டேன். இது எட்டாவது. தங்கூசி மக்காதுங்க."

"இருக்கட்டுங்க. நீங்கதான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டீங்களே. அதுக்கப்புறம் மாட்டுனதுக்கெல்லாம் நீங்க எப்படிப் பொறுப்பாவீங்க?"

"நான் சாமியாராப் போனது மீனுக்குத் தெரியாதுங்களே."

அவிநாசியப்பன் அடுப்பில் ஊதினார். நெருப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. இருந்தாலும் ஊதினார். கொஞ்சம் கழித்து, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"நான் அறுத்தது தப்புங்களா சாமி?"

"காத்தால ஒரு வலை கெடந்துது."

"ம்."

"அதுல பாதிக்கு மேல சுருண்டு சேத்துல அமுங்கிக் கெடந்துதுங்க. அந்தப் பக்கம் எதையும் புடிச்சிருக்காது. இப்ப விரிஞ்சு எறங்குச்சே, பாத்தீங்கல்ல?"

பார்த்திருந்தார். அதனால்தான் அன்றைக்குச் சோறு போட்ட தட்டு அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் விடியும்போதே அவர்தான் முதலில் பரிசலுக்குள் உட்கார்ந்தார். பிளேயரைக் கரையிலேயே வைத்துவிட்டார். அடையாள மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இருபது தடவையாவது கரண்டி வெறுமனே வந்திருக்கும். சாமி சலித்துக்கொள்ளவில்லை. பிறகு மாட்டியது. மரத்தைச் சுற்றிக்கொண்டு போய், சிக்கிய பக்கத்திலிருந்தே இழுத்தபோது வலை வந்துவிட்டது.

அறுத்த பக்கம் தண்ணீருக்குள் திரை போல நின்றிருந்தது. அதில் ஏழு மீன் இருந்தன. எல்லாம் ராத்திரி மாட்டியவை. ஐந்து செத்திருந்தன, இரண்டுக்கு உயிர் இருந்தது. ஒன்றைச் சாமி பிரித்து விட்டார். மற்றது சினைக் கெண்டை. வயிறு இந்தா வெடிக்கிறேன் என்று உப்பியிருந்தது.

"நான் எடுக்கறேனுங்க" என்றார் அவிநாசியப்பன். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"எப்படி மாட்டுச்சோ அப்படியே பின்னால எடுங்க. அவசரப்பட்டா செவுள் போயிரும்."

கம்பியைத் தவிர வேறெதையும் பிரித்துப் பழகாத விரல்கள். நரம்பு ஒவ்வொன்றாக நகர்ந்தது. மீன் துடிக்கும்போது இவர் விரலை நிறுத்தினார். விரல் மூன்று இடத்தில் கிழிந்தது. கடைசிக் கண்ணி செவுளை விட்டு வந்ததும் மீனை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டார். விட்டார். ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறுபடி பிடித்துக்கொண்டார். வாய் ஒரு முறை திறந்து மூடியது. வாலில் ஒரு சின்ன அசைவு. கையிலிருந்து வழுக்கி, சாய்ந்தபடியே கீழே போய் மறைந்தது.

"பொழைச்சுக்குமுங்களா சாமி?"

"தெரியலீங்க."

"செத்துதான் எறங்குச்சோ?"

"தெரியலீங்களே."

அவிநாசியப்பன் பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. இருக்கிறதா போயிற்றா என்று தெரியாமலே உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, அதற்குள் தாங்க முடியவில்லை. ராமாத்தாவுக்கு இரண்டு வருஷம் என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. அவர் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். சாமி துடுப்பை வாங்கித் தானே கரைக்குத் தள்ளினார்.

தார்ப்பாயை அவிழ்த்தார்கள். அடுப்பில் தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கலைத்தார்கள். இரண்டு பாதி வலையையும் ஒரே சாக்கில் திணித்துக் கட்டினார் சாமி. பிளேயர் கரைக்கல்லின் மேல் கிடந்தது. எடுக்கலாமா என்று யோசித்துவிட்டு அவிநாசியப்பன் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சாவடிக்கு எதிரே பஸ் நிற்கும் இடம். மலையிலிருந்து இறங்குவது ஒரே பஸ்தான். முக்கால் மணி நேரத்தில் மடம். அதே பஸ்ஸில் எழுந்திரிக்காமல் உட்கார்ந்திருந்தால் இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் அவிநாசியப்பனின் ஊர். இரண்டு வருஷமாக அந்த பஸ் மடத்தைத் தாண்டிப் போவதைத் தினமும் பார்த்தவர்தான்.

"அணையில வெச்சுக் கேளுங்கன்னு சொன்னேன். மொத ராத்திரிக்கப்புறம் நீங்க காவி கேக்கவேயில்லை" என்றார் சாமி.

அவிநாசியப்பன் காயம்பட்ட விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பதாவது வலை எங்க கெடக்குதுங்க சாமி?"

"தெரியலீங்க. அடுத்த வருசம் வந்து பாக்கோணும்."

கீழே எங்கோ பஸ் கொண்டையூசி வளைவில் ஹாரன் அடித்தது. மேலே வந்து திரும்பி, பிறகு இறங்கும். பத்து நிமிஷம் ஆகும்.

"பயமா இருக்குதுங்க."

"எதுக்கு?"

"போனா, ராமாத்தா கையைப் புடிச்சுக்கிட்டு விடலீன்னா? மறுபடி அங்கியே கெடந்துருவேனுங்க."

"ம்."

"அதைக்கூடத் தாங்கிக்குவேன். போங்க, நீங்க இல்லாமயே இருந்து பழகிட்டேன்னு சொல்லிட்டான்னா?"

சாமி சாக்கைத் தோளுக்கு ஏற்றினார். அதிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் வேட்டியை நனைத்தது.

"அவ முன்னால போயி நின்னு என்னத்தைங்க சொல்றது? செருப்புத் தெச்சுட்டு வந்துட்டேன்னா சொல்றது?" கேட்டுவிட்டு அவரே அழுதுவிட்டார்.

சாமி சாக்கை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு கேட்டார்.

"வாசல் வெளக்கை ஆருங்க மாட்டுனது?"

"நாந்தானுங்க. வீடு கட்டுன வருசம்."

"சுவிட்சு எங்க இருக்குது?"

"உள்ளீங்க. கதவுக்குப் பொறத்தால. மழைச்சாரல் படக்கூடாதுன்னு உள்ள வெச்சேன்."

"போயி அதை அணைச்சுட்டு வாங்க. காவியப் பத்தி அப்புறம் பேசலாம்."

அவிநாசியப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"அதுக்கு உள்ள போகோணுமுங்களே சாமி."

பஸ் வந்து நின்றது. சாமி சாக்கோடு படியில் ஏறினார். ஏறி, பின்னால் வந்தவருக்குக் கை நீட்டினார்.

"ஆமாங்க. வெளிய நின்னுக்கிட்டே கம்பிய அறுத்தறாதீங்க."